நான், எனதுங்கறத எப்படி விடறது? பதஞ்சலி சொல்ற வழியில ஒரு ஆரம்பம்

"ஈகோவ விடுங்க, பற்ற விடுங்க"ன்னு எல்லா யோகா கிளாஸ்லயும் சொல்றாங்க, நல்ல விஷயம்தான், ஆனா எப்படி விடறதுன்னு யாராவது உக்காந்து சொல்லிக் குடுத்திருக்காங்களா? பெரும்பாலும் இல்ல. அதனால கேக்கறவங்க ரெண்டுல ஒண்ணு பண்றாங்க. பல்லக் கடிச்சுக்கிட்டு எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கிப் போட பாக்கறாங்க, இல்லன்னா இதெல்லாம் சாமியாருக்குத்தான் நமக்கு இல்லன்னு விட்டுடறாங்க. ரெண்டுமே தேவையில்ல. பதஞ்சலியோட யோக சூத்திரத்துல ரெண்டாவது பாதம் (பாதம்னா இங்க அத்தியாயம்), சாதன பாதம்னு பேரு, அது நம்மள மாதிரி அலைபாயற மனசு இருக்கறவங்களுக்குன்னே சொன்னதுன்னு அதுக்கு பழைய உரை எழுதின வியாசரே அந்த பாதத்தோட ஆரம்பத்துல சொல்றார். மொத்தமே 195 சூத்திரம் (சில பதிப்புல 196), அதுல இந்த ஒரு பாதத்துல மட்டும் நாம வருஷக்கணக்கா பண்றதுக்கு வேலை இருக்கு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இந்த முழு கட்டுரையும் அத வெச்சுதான் போகும். ஈகோவ நேரா போய் பிடிக்காதீங்க. "நான் என் அகங்காரத்த அழிக்கப் போறேன்"ன்னு கிளம்பினா அழிக்கறேன்னு சொல்ற அந்த 'நான்' இன்னும் கொழுத்துடும். சின்ன சின்ன பற்றுல இருந்து ஆரம்பிங்க, அது மெலிய மெலிய 'நான்'ங்கறதுக்கு பிடிச்சுக்க இடம் குறையும். வியாசர் இதுக்கு துணி துவைக்கறத சொல்றார். துணியில இருக்கற பெரிய அழுக்க முதல்ல உதறிடறோம், அப்புறம்தான் நூலுக்குள்ள இறங்கின நுணுக்கமான அழுக்க கஷ்டப்பட்டு எடுக்கறோம், அதே வரிசைதான் மனசுக்கும்னு. ஈகோங்கறது நூலுக்குள்ள இருக்கறது. அதுக்கு பின்னாடி வரலாம்.

முதல்ல எதோட மல்லுக்கட்டறோம்னு தெரிஞ்சுக்கணும்

பதஞ்சலி அஞ்சு கிலேசம் சொல்றார், அதாவது மனச படுத்தற அஞ்சு விஷயம். அவித்தை, அஸ்மிதை, ராகம், துவேஷம், அபினிவேசம். அவித்தைங்கறது நிலையில்லாதத நிலையானதுன்னும், துக்கத்த சுகம்னும், நான் இல்லாதத நான்னும் எடுத்துக்கறது, மத்த நாலும் முளைக்கற நிலமே அதுதான். அஸ்மிதைதான் நாம ஈகோன்னு சொல்றது. ஆனா பதஞ்சலி சொல்றது வெறும் திமிர் இல்ல, அத கவனிக்கணும். பாக்கறவனும் பாக்கறதுக்கு உதவற புத்தியும் ஒண்ணு மாதிரி ஆயிடறதுதான் அஸ்மிதை. அதனால "நான் பெரிய ஆள்"ங்கறது எவ்ளோ அஸ்மிதையோ "நான் எதுக்கும் லாயக்கில்ல"ங்கறதும் அவ்ளோ அஸ்மிதைதான், ஏன்னா ரெண்டுலயும் மனசுல ஓடற ஒரு எண்ணத்த நான்னு எடுத்துக்கிட்டாச்சு. தன்ன ரொம்ப தாழ்த்திப் பேசறவங்கள பாத்து இவருக்கு ஈகோவே இல்லன்னு நாம சொல்லிடறோம், அது சரியில்ல. அபினிவேசம் உயிர் மேல இருக்கற பிடிப்பு, படிச்ச அறிஞனுக்கும் அது இருக்குன்னு சூத்திரமே சொல்லுது, அதனால அத இப்போதைக்கு அப்படியே விட்டுடுவோம்.

நமக்கு இப்ப வேண்டியது நடுவுல இருக்கற ராகமும் துவேஷமும். ராகம்னா சுகத்துக்கு பின்னாலயே வந்து படுத்துக்கறது, துவேஷம்னா துக்கத்துக்கு பின்னால வந்து படுத்துக்கறது. சுகம் தப்புன்னு பதஞ்சலி எங்கயும் சொல்லல, நல்லா கவனிங்க. காலையில சூடா ஒரு பில்டர் காபி குடிக்கறீங்க, நல்லா இருக்கு, அது பற்று இல்ல. மறுநாள் பால் திரிஞ்சு போச்சு, காபி இல்ல, அதுக்காக வீட்ல இருக்கறவங்க மேல எரிஞ்சு விழுந்து பத்து மணி வரைக்கும் முகம் தூக்கி வெச்சுக்கிட்டு இருக்கோம் பாருங்க, அங்கதான் ராகம் இருக்கு. நேத்தைய சுகத்தோட ஞாபகம் இன்னைக்கு 'எனக்கு அது வேணும், அது என்னோட உரிமை'ன்னு உக்காந்திருக்கு. துவேஷமும் அப்படித்தான், எப்பவோ ஒரு கல்யாண வீட்ல யாரோ சொன்ன ஒரு வார்த்தை, சொன்னவருக்கு மறந்தே போயிருக்கும், நமக்கு இன்னும் அவர் குரல் கேட்டாலே வயித்துல ஏதோ பண்ணும்.

அப்ப வேலை செய்ய வேண்டிய இடம் பொருள் இல்ல, ஆள் இல்ல, அந்த ஞாபகம் விட்டுட்டுப் போன படிவு. இது புரிஞ்சா பாதி பயம் போயிடும், ஏன்னா வேலைய விடணுமா, வீட்ட விடணுமா, காபிய விடணுமாங்கற கேள்வியே வராது.

முதல் வாரம் வெறும் கவனிப்பு

ஒரு சின்ன நோட்டு வாங்கிக்கங்க. போன்ல எழுதறத விட நோட்டு நல்லதுன்னு நான் நினைக்கறேன், போன எடுத்தா வேற எங்கயோ போயிடுவோம். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம், இன்னைக்கு மனசு எங்க ஆட்டம் கண்டுச்சுன்னு மட்டும் எழுதுங்க. நியாயம் எழுத வேண்டாம், யார் பண்ணது தப்புன்னு எழுத வேண்டாம். என்ன நடந்துச்சு, நான் என்ன எதிர்பாத்தேன், அந்த எதிர்பார்ப்பு எந்த பழைய சுகத்துல இருந்து வருது இல்ல எந்த பழைய வலியில இருந்து வருது, அவ்ளோதான். உதாரணத்துக்கு, "மீட்டிங்ல என் பேர சொல்லல. சொல்லுவாங்கன்னு எதிர்பாத்தேன். போன தடவ எல்லார் முன்னாடியும் பாராட்டினது ரொம்ப நல்லா இருந்துச்சு." இந்த மூணு வரியில ராகமும் இருக்கு, அஸ்மிதையும் இருக்கு, ஆனா நீங்க இப்ப எதையும் சரி பண்ண வேண்டாம்.

சில பேருக்கு ரெண்டு மூணு நாள்லயே நோட்டு முழுக்க ஒரே விஷயம் திரும்ப திரும்ப வரும். அத பாத்து மனசு ஒடிஞ்சு போக வேண்டாம், அது நல்ல செய்திதான், வேலை செய்ய வேண்டிய இடம் இவ்ளோ சீக்கிரம் தெரிஞ்சுடுச்சு.

தூங்கறத செத்ததுன்னு நினைக்கக் கூடாது

இது ரொம்ப முக்கியம், பல பேர் இங்கதான் ஏமாந்து போறாங்க. ஒரு கிலேசம் நாலு நிலையில இருக்கும்னு சூத்திரம் சொல்லுது. தூங்கிட்டு இருக்கலாம், மெலிஞ்சு இருக்கலாம், இடையில அறுந்து நிக்கலாம், முழு வேகத்துல ஓடலாம். அறுந்து நிக்கறதுக்கு வியாசர் குடுக்கற உதாரணம் எனக்கு ரொம்ப பிடிக்கும். சைத்திரன்னு ஒருத்தன் ஒரு பொண்ணு மேல ஆசையா இருக்கான்னா மத்த பொண்ணுங்க மேல அவனுக்கு பற்று போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, இப்போதைக்கு ஓட்டம் இங்க இருக்கு, அங்க அப்புறம் வரும், அவ்ளோதான்னு சொல்றார்.

நம்ம வாழ்க்கையில இது எப்படி வருதுன்னா, போன்ல ரீல்ஸ் பாக்கறத விட்டுட்டேன்னு ஒருத்தர் சொல்லுவார், பாத்தா அந்த நேரம் முழுக்க கிரிக்கெட் ஸ்கோர்ல போயிருக்கும். இனிப்ப விட்டவர் இனிப்பு சாப்பிடறவங்கள பாத்து மனசுக்குள்ள "பாவம் இவங்க"ன்னு நினைப்பார், அங்க ராகம் எங்கயும் போகல, அஸ்மிதைக்கு பின்னாடி போய் நின்னுக்கிச்சு. அதனால ஒண்ண விட்ட உடனே ஜெயிச்சுட்டோம்னு நினைக்காம, இந்த ஓட்டம் இப்ப எந்தப் பக்கம் திரும்பியிருக்குன்னு நோட்டுல ஒரு வரி எழுதுங்க. நாம கேக்கறது அழிவு கூட இல்ல, மெலியறது. தபஸ் (உடம்பையும் மனசையும் பழக்கற கட்டுப்பாடு), சுவாத்தியாயம் (நூல் படிப்பும் ஜபமும்), ஈசுவரப் பிரணிதானம் (ஈசுவரன்கிட்ட ஒப்படைக்கறது)னு மூணும் சேந்தது கிரியா யோகம், அதோட வேலையே கிலேசத்த மெலிய வைக்கறதுதான்னு இந்த சாதன பாதத்தோட ரெண்டாவது சூத்திரத்துலயே சொல்லியாச்சு.

ஒண்ணே ஒண்ண எடுத்துக்கங்க

நோட்டுல இருந்து ஒரு பற்ற எடுங்க. பெருசு வேண்டாம். பொண்டாட்டி புருஷன், பிள்ளைங்க, சொத்து, இதுல எதையும் முதல்ல தொடாதீங்க. விட்டா கொஞ்சம் உறுத்தணும், ஆனா ஆள சாய்க்கக் கூடாது, அந்த அளவு. சாப்பாட்டுக்கு அப்புறம் இனிப்பு, மெசேஜ் போட்ட உடனே புளூ டிக் வந்துச்சான்னு பாக்கறது, எப்பவும் உக்கார்ற அதே நாற்காலி, இந்த மாதிரி ஏதாவது.

இப்ப பண்ண வேண்டியது என்னன்னா ஆசை எழும்பறதுக்கும் கை போறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி. ஆசை வந்த உடனே பத்து மூச்சு, மெதுவா, மூக்கு வழியா, வெளிய விடற மூச்சு கொஞ்சம் நீளமா இருக்கட்டும். அந்த பத்து மூச்சுல ஆசைய துரத்த வேண்டாம், உடம்புல அது எங்க இருக்குன்னு மட்டும் பாருங்க, தொண்டையிலயா, நெஞ்சுலயா, விரல் நுனியிலயா. பத்து முடிஞ்சதும் இன்னும் வேணும்னா எடுத்துக்கங்க, குத்த உணர்ச்சியே வேண்டாம். நீங்க ஆசைய தோக்கடிக்கல, அத 'பாக்கறது' ஒண்ணு இருக்குன்னு பழகறீங்க. பாக்கறவன் வேற பாக்கப்படறது வேறன்னு புத்தகத்துல படிக்கறது பெருசில்ல, ஒரு லட்டு முன்னாடி நின்னு பத்து மூச்சு அத அனுபவிக்கறது பெருசு.

பற்றின்மை படிப்படியா வர்றதுன்னு உரையாசிரியர் வாசஸ்பதி மிஸ்ரர் நாலு படி சொல்றார். முதல்ல முயற்சி. அடுத்தது எது போச்சு எது இன்னும் இருக்குன்னு பிரிச்சுப் பாக்கறது. மூணாவதுல கை கால் கண்ணு காதெல்லாம் போறது நின்னுடும், ஆனா மனசுக்குள்ள ஏக்கம் மட்டும் மிச்சம் இருக்கும். நாலாவதுல அதுவும் இருக்காது. கீதையிலயும் ரெண்டாவது அத்தியாயத்துல இதே வருது, சாப்பிடாம இருக்கறவனுக்கு பொருள் விலகிடும் ஆனா ருசி விலகாதுன்னு. மூணாவது படியில ரொம்ப நாள் நிக்க வேண்டி வரும், இவ்ளோ பண்ணியும் ஏக்கம் இருக்கேன்னு விட்டுடாதீங்க, அது பாதையில இருக்கற ஒரு இடம், நீங்க பண்ண தப்பு இல்ல.

பொருள் வாங்கறதுக்கு முன்னாடி

பதஞ்சலி சொல்ற எட்டு அங்க யோகத்துல முதல் அங்கம் யமம், அதாவது எதெல்லாம் செய்யக் கூடாதுங்கற கட்டுப்பாடு. அதுல அஞ்சாவது அபரிக்கிரகம், தேவைக்கு மேல பொருள் சேத்துக்காம இருக்கறது. இதுக்கு வியாசர் சொல்றத நேரா கேள்வியா மாத்திக்கலாம், கடைக்கு போறதுக்கு முன்னாடியோ ஆன்லைன்ல பட்டன அமுக்கறதுக்கு முன்னாடியோ கேட்டுக்கலாம். இத சம்பாதிக்க என்ன பாடு? இத காப்பாத்த என்ன பாடு? இது தேஞ்சு போகும்போது என்ன வலி? இது மேல எவ்ளோ ஒட்டிக்குவேன்? இதால எங்கயாவது எந்த உயிருக்காவது நோவு வருதா? இந்த அஞ்சையும் கேட்டுட்டு அப்பவும் தேவைன்னா தாராளமா வாங்குங்க. புதுசா போன் வாங்கி ஒரு கீறல் விழுந்துடுமோன்னு மாசக்கணக்கா பயந்தவங்களுக்கு ரெண்டாவது கேள்வியும் மூணாவது கேள்வியும் நல்லா புரியும்.

இப்ப 'நான்' பக்கம் வருவோம்

மேல சொன்னத ஒரு ரெண்டு மூணு மாசம் பண்ணினவங்களுக்கு ஒண்ணு தெரிய ஆரம்பிக்கும், ஒவ்வொரு பற்றுக்கு அடியிலயும் 'என்ன யாரும் குறைவா நினைக்கக் கூடாது'ன்னு ஒண்ணு உக்காந்திருக்கு. இப்ப அத கவனிக்கலாம்.

யோகா பாய்லயே ஆரம்பிக்கலாம், அதுக்கு மேல வசதியான இடம் இல்ல. ஆசனத்துக்கு சூத்திரத்துல ரொம்ப கொஞ்சம்தான் இருக்கு, நிலையா சுகமா இருக்கணும், முயற்சிய தளர்த்தணும், அப்ப குளிர் சூடு மாதிரி இரட்டைகள் தாக்காது, அவ்ளோதான். பக்கத்து பாய்ல இருக்கறவர விட நல்லா குனியணும்னு எங்கயும் இல்ல. ஒரு மாசம் உங்களுக்கு நல்லா வர்ற ஆசனத்த கிளாஸ்ல பண்ணாதீங்க, இல்ல உங்க முழு அளவுக்கு போகாம முக்கால்வாசியில நில்லுங்க. அப்ப மனசு என்ன சொல்லுதுன்னு கேளுங்க, "வாத்தியார் நமக்கு வரலன்னு நினைச்சுக்குவாரே"ன்னு ஒரு குரல் வரும். அந்த குரல் கூட சண்டை போட வேண்டாம், அது வந்த உடனே மூச்ச வெளிய விட்டு தோள தளர்த்துங்க. ஒரு மாசத்துல அந்த குரலோட சத்தம் குறையும்.

ரெண்டாவது பழக்கம், மனசுல எது வந்தாலும் "கோபம் வந்திருக்கு", "பொறாமை வந்திருக்கு", "பெருமை வந்திருக்கு"ன்னு விருந்தாளி பேர சொல்ற மாதிரி சொல்லிக்கறது. நான் கோபக்காரன்னு சொல்லிக்காதீங்க. வந்தது எதுவும் போகும், ஆனா நீங்க அதுவாவே ஆயிட்டா போறதுக்கு வழி இல்ல.

மூணாவது, வாரத்துக்கு ஒரு நல்ல காரியம் யாருக்கும் தெரியாம. உண்மையாவே யாருக்கும், வீட்டுக்குள்ள கூட. ஆபீஸ் பேன்ட்ரிய சுத்தம் பண்ணுங்க, யாரோ ஒரு பிள்ளையோட பீஸ கட்டுங்க, கோயில் வாசல்ல செருப்ப அடுக்கி வைங்க, அப்புறம் வாய தொறக்காதீங்க. சொல்லணும்னு நாக்கு துடிக்கும், அந்த துடிப்பத்தான் நாம பாக்க வந்தோம்.

நாலாவது கொஞ்சம் கஷ்டம். முதல் பாதத்துல ஒரு சூத்திரம், சுகமா இருக்கறவங்ககிட்ட நட்பு, துக்கத்துல இருக்கறவங்ககிட்ட கருணை, நல்லது பண்றவங்கள பாத்து மகிழ்ச்சி, நல்லது இல்லாததுகிட்ட ஒதுங்கி நிக்கறது. நமக்கு கருணை ஈஸியா வந்துடும், ஏன்னா அதுல நாம மேல நிக்கறோம். சுகமா இருக்கறவங்ககிட்ட நட்புதான் வராது. கூட வேலை பாத்தவனுக்கு பிரமோஷன், சித்தப்பா பையன் புது வீடு, அந்த கிரகப்பிரவேச போட்டோவ வாட்ஸ்அப் குரூப்ல பாக்கும்போது ஒரு நொடி நெஞ்சு சுருங்குது பாருங்க, அந்த நொடியில போன எடுத்து அவனுக்கு கூப்பிடுங்க. மெசேஜ் இல்ல, கால். வீடு எப்படி இருக்கு, எந்தப் பக்கம் வாசல், கடன் எல்லாம் சமாளிச்சியான்னு அக்கறையா கேளுங்க. முதல் நிமிஷம் செயற்கையா இருக்கும், பேச பேச உண்மையா ஆயிடும்.

செய்யறது நான் இல்லன்னு எப்படி செய்யறது

ஈசுவரப் பிரணிதானத்துக்கு வியாசர் ரெண்டு வழி சொல்றார், எல்லா செயலையும் பரம குருவுக்கு, அதாவது ஈசுவரனுக்கு அர்ப்பணிக்கறது, இல்லன்னா செயலோட பலன விட்டுடறது. அந்த 'இல்லன்னா' எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது, சாமி நம்பிக்கை இல்லாதவங்களுக்கும் ஒரு கதவு தொறந்தே இருக்கு. வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு நின்னு "இத நல்லா பண்ணுவேன், இதுல வர்றது என்னோட கணக்குல இல்ல"ன்னு மனசுல சொல்லிட்டு ஆரம்பிங்க. முடிஞ்சதும் ஒரு மூச்சு, கைய எடுங்க. பலன விடறதுன்னா அக்கறை இல்லாம பண்றதுன்னு அர்த்தம் இல்ல, சம்பளம் கேக்காம இருக்கறதும் இல்ல. உங்க உழைப்புக்கு உண்டானத கண்டிப்பா கேளுங்க, கேட்டு வரலன்னா அடுத்தது என்ன பண்ணலாம்னு யோசிங்க, ராத்திரி தூக்கத்த மட்டும் அதுக்கு குடுக்காதீங்க.

மனுஷங்க மேல இருக்கற பற்று

இதுல ரொம்ப ஜாக்கிரதையா பேசணும், ஏன்னா பற்ற விடுன்னு சொல்லி அன்ப வெட்டிட்டவங்க நிறைய. என்னோட கருத்து என்னன்னா, ஒருத்தர் மேல இருக்கறத ரெண்டா பிரிச்சு எழுதிப் பாருங்க. அவருக்கு என்ன வேணும்னு நான் நினைக்கறேன், அவர்கிட்ட இருந்து எனக்கு என்ன வேணும். வெளிநாட்ல இருக்கற பையன் நல்லா சாப்பிடணும், நல்லா தூங்கணும்னு அம்மா நினைக்கறது முதல் பக்கம். தினமும் இந்திய நேரம் எட்டு மணிக்கு அவன் கூப்பிட்டே ஆகணும், கூப்பிடலன்னா அவனுக்கு பாசம் போச்சுங்கறது ரெண்டாவது பக்கம். முதல் பக்கத்த தொடவே வேண்டாம், அது வளரட்டும். ரெண்டாவது பக்கத்துல ஒரே ஒரு வரிய எடுத்து பத்து மூச்சு பழக்கம் பண்ணுங்க.

துக்க வீட்ல போய் "பற்ற விடுங்க"ன்னு சொல்லாதீங்க, தயவு செஞ்சு. அழறது கிலேசம் இல்ல, அது அன்போட வேலை. அடிக்கறவங்க, ஏமாத்தறவங்க கூட இருக்கறவங்களும் இதெல்லாம் என் ஈகோன்னு பொறுத்துக்கிட்டு இருக்க வேண்டாம், அங்க முதல்ல பாதுகாப்பா வெளிய வரணும், அகிம்சைங்கறது உங்க உடம்புக்கும் சேத்துதான். எதுலயும் பிடிப்பே இல்ல, எதுவும் வேண்டாம் போலன்னு வாரக்கணக்கா இருந்தா அது பற்றின்மை இல்ல, டாக்டர பாருங்க. இன்னொண்ணு, இந்த அஞ்சு கிலேசமும் நம்ம உள்ள பாக்கறதுக்கு குடுத்தது, அடுத்தவங்களுக்கு "உனக்கு ஈகோ அதிகம்"னு சொல்றதுக்கு இல்ல.

யோகாவே பற்றாகும்போது

ஒழுங்கா பண்ணினா ஒரு நாள் தியானத்துல நல்ல அமைதி வரும், அதுக்கப்புறம் தினமும் அதே வேணும்னு உக்காருவோம். மூணாவது பாதத்துல, உயர்ந்த இடத்துல இருக்கறவங்க கூப்பிட்டாலும் ஒட்டிக்கவும் கூடாது பெருமைப்படவும் கூடாது, திரும்ப கீழ போக வாய்ப்பிருக்குன்னு ஒரு சூத்திரம் வருது. அவ்ளோ மேல போனவனுக்கும் எச்சரிக்கை அதே ரெண்டு, பற்றும் கர்வமும்! நம்ம திருமூலரும் திருமந்திரத்துல மூணாம் தந்திரத்துல இதே எட்டு அங்க யோகத்த பாடினவர், இன்னொரு இடத்துல ஈசனோடாயினும் ஆசை அறுமின்கள்னு சொல்லிட்டார். அதனால நல்ல தியானம் நடந்த நாள்ல நோட்டுல அத வர்ணிக்க வேண்டாம், "உக்காந்தேன்"னு ஒரு வார்த்தை போதும். மோசமா போன நாளும் அதே வார்த்தைதான்.

எவ்ளோ நாள் ஆகும்னு கேப்பீங்க. ரொம்ப காலம், இடைவிடாம, மதிப்போட பண்ணினாத்தான் அப்பியாசம் உறுதியாகும்னு சூத்திரம் சொல்லுது, தேதி குடுக்கல. இதுல மூணாவத நாம விட்டுடறோம், மதிப்போடங்கறத. அவசர அவசரமா ஒரு மணி நேரம் பண்றத விட பதினஞ்சு நிமிஷம் மரியாதையா உக்காந்தா போதும், ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா அடுத்த நாள் அதே நேரத்துக்கு உக்காருங்க, விட்டதுக்கு சேத்து பண்ண வேண்டாம். மாத்தம் வர்றது கூட ஆரம்பத்துல பெருசா தெரியாது, கோபம் வரத்தான் செய்யும், ஆனா முன்னாடி ரெண்டு நாள் இருந்தது சாயங்காலத்துக்குள்ள இறங்கிடும், கூட இருக்கறவங்கதான் முதல்ல கவனிப்பாங்க.

மாசக் கடைசியில நோட்ட எடுத்து முதல் பக்கத்துல இருந்து படிங்க. எது இப்ப உறுத்தலயோ அதுக்கு பக்கத்துல ஒரு டிக் போடுங்க, எது இன்னும் உறுத்துதோ அத அப்படியே விடுங்க, வேற பக்கம் திரும்பி நிக்கறதுன்னு சந்தேகம் இருந்தா ஒரு கேள்விக்குறி போடுங்க. டிக் ஒண்ணே ஒண்ணு இருந்தாலும் போதும், மிச்சம் இருக்கறதுல சின்னதா ஒண்ண எடுத்துக்கிட்டு அடுத்த மாசத்த ஆரம்பிங்க.